அருளாலும் நம்பிக்கையாலும் மீட்பு

அருளாலும் நம்பிக்கையாலும் மீட்பு என்பது, மனிதர் பாவத்திலிருந்து விடுபட்டுக் கடவுளோடு ஒப்புரவாவது அவர்தம் நற்செயல்களுக்குரிய கூலியாக அன்றி, கடவுள் விலையின்றி அளிக்கும் கொடையாகவே நிகழ்கிறது என்னும் கிறித்தவக் கோட்பாடு ஆகும். அக்கொடையை மனிதர் இயேசு கிறித்துவின்மேல் வைக்கும் நம்பிக்கையால் பெற்றுக்கொள்கின்றனர் என்பது இதன் மறுபாதி. கிறித்தவ சபைகள் அனைத்தும் ஏதேனும் ஒரு வடிவில் இதனை ஏற்கின்றன. எனினும் நம்பிக்கை மட்டும் போதுமா, நற்செயல்களுக்கு இதில் என்ன இடம் என்னும் கேள்விகளே 16ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பியத் திருச்சபை பிளவுபட முதன்மையான இறையியல் காரணமாக அமைந்தன.

தமிழ்நாட்டில் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் இக்கோட்பாட்டின் வரலாறு தனிக் கவனத்துக்கு உரியது. கத்தோலிக்கர், லுத்தரன் சபையார், கால்வினிய மரபில் வந்த தென்னிந்தியத் திருச்சபையார், பெந்தெகொசுதே சபையார் ஆகியோர் இங்கு அருகருகே வாழ்கின்றனர். அருளைப் பற்றிப் பேசும் சைவ, வைணவ மரபுகளின் முதன்மையான தலங்கள் சிலவும் இவ்வட்டாரத்திலேயே உள்ளன. ஐரோப்பாவில் நற்செயல் பற்றி எழுந்த வாதம், இங்கு வந்தபோது பெரும்பாலும் சாதி பற்றிய வாதமாக உருமாறியது.

சொற்கள்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அருளைக் குறிக்கும் சொல் காரிசு. நம்பிக்கையைக் குறிக்கும் சொல் பிசுதிசு. முதலாவது சொல்லுக்கு நயம், தயவு, கொடை, நன்றி ஆகிய பொருள்களும் உண்டு. இரண்டாவது சொல், ஒரு கூற்றை உண்மையென ஏற்பதை மட்டும் குறிப்பதன்று. ஒருவரை நம்பித் தன்னை ஒப்படைத்தலையும், நம்பினவரிடம் உண்மையாயிருத்தலையும் சேர்த்துக் குறிக்கும்.

தமிழில் இவற்றுக்கு இரண்டு சொல் வரிசைகள் வழங்குகின்றன. சீர்திருத்த சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு மரபில் கிருபை, விசுவாசம், இரட்சிப்பு, நீதிமானாக்குதல் என்பன வழங்குகின்றன. கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொதுமொழிபெயர்ப்பில் அருள், நம்பிக்கை, மீட்பு, ஏற்புடையவராக்குதல் என்பன வழங்குகின்றன. முதல் வரிசை பெரும்பாலும் வடமொழிச் சொற்களால் ஆனது. இரண்டாவது வரிசை தனித்தமிழ் நோக்கில் தெரிவு செய்யப்பட்டது. கத்தோலிக்கரும் முன்பு விசுவாசம், இரட்சணியம் போன்ற சொற்களையே ஆண்டு வந்தனர். ஆதலால் இவ்வேறுபாட்டைச் சபை வேறுபாடாக மட்டும் கொள்வது பொருந்தாது.

நீதிமானாக்குதல், ஏற்புடையவராக்குதல் ஆகிய இரு சொற்களுக்கும் இடையே நுட்பமான ஒரு வேறுபாடு உள்ளது. முன்னையது, மனிதன் நீதியுள்ளவனாக மாற்றப்படுகிறான் என்றும் பொருள்படும். நீதியுள்ளவன் எனத் தீர்ப்பளிக்கப்படுகிறான் என்றும் பொருள்படும். பின்னையது கடவுளின் பார்வையில் ஏற்கத்தக்கவனாவதை முன்னிறுத்துகிறது. ஐரோப்பாவில் லுத்தருக்கும் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் இடையே நிகழ்ந்த சர்ச்சையின் மையமே இந்த ஈரடியான பொருள்தான்.

கிருபை, அருள் என்னும் இரு சொற்களும் கிறித்தவர் புதிதாக உண்டாக்கியவை அல்ல. விழுப்புரம் மாவட்டத்திலுள்ள திருவெண்ணெய்நல்லூர்ச் சிவன் கோயிலின் இறைவன் பெயர் கிருபாபுரீசுவரர். அக்கோயிலின் பெயர் திருவருட்டுறை. சீர்திருத்த சபையார் கையாளும் சொல்லும், பொதுமொழிபெயர்ப்பு கையாளும் சொல்லும் ஒரே சிவன் கோயிலின் பெயர்களில் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம்.

விவிலியப் பின்னணி

இக்கோட்பாட்டின் முதன்மை ஆதாரங்கள் தூய பவுல் எழுதிய உரோமையர், கலாத்தியர் திருமுகங்களும், அவர் பெயரில் வழங்கும் எபேசியர் திருமுகமும் ஆகும். யூதர் அல்லாதவர் கிறித்தவராகும்போது விருத்தசேதனம் முதலிய யூதச் சட்டங்களைக் கடைப்பிடிக்க வேண்டுமா என்பதே பவுல் எதிர்கொண்ட நடைமுறைச் சிக்கல். வேண்டியதில்லை என்றார் அவர். ஆபிரகாம் விருத்தசேதனம் பெறுவதற்கு முன்னரே, அவரது நம்பிக்கையின் பொருட்டு நீதியுள்ளவராகக் கருதப்பட்டார் என்பது அவர் எடுத்துவைத்த சான்று.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். பவுலின் வாதம் தனி மனிதரின் மனச்சான்றுச் சிக்கலிலிருந்து எழுந்ததன்று. இரு பிரிவினர் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணலாமா என்னும் கேள்வியிலிருந்து எழுந்தது. அந்தியோக்கியாவில் பேதுரு, யூதர் அல்லாதவருடன் உண்பதை நிறுத்தியபோது பவுல் அவரை நேருக்கு நேர் கண்டித்தார் என்று கலாத்தியர் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. நம்பிக்கையால் ஏற்புடையவராதல் பற்றிய அவரது விளக்கம் இந்நிகழ்ச்சியை அடுத்தே தொடங்குகிறது. இந்தியாவில் சாதியை எதிர்த்த மிசனரிகளுக்கும், பின்னாளில் தலித் இறையியலாளருக்கும் இந்த அதிகாரம் இன்றியமையாததானது வியப்புக்குரியதன்று.

இதற்கு மாறாக யாக்கோபு திருமுகம், செயலற்ற நம்பிக்கை உயிரற்றது என்கிறது. அதே ஆபிரகாமைச் சான்றாகக் காட்டி, மனிதர் நம்பிக்கையினால் மட்டுமன்றிச் செயல்களினாலும் ஏற்புடையவராவர் என வாதிடுகிறது. இரண்டையும் இணைத்துப் பொருள் கொள்ளும் முயற்சியே இக்கோட்பாட்டின் பிற்கால வரலாறு எனலாம்.

கோட்பாட்டின் வரலாறு

5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலாசியுசு என்னும் துறவி, மனிதர் தம் விருப்பாற்றலால் பாவமின்றி வாழ இயலும் எனக் கற்பித்தார். இதனை மறுத்த தூய அகுசுதீன் (354–430), நன்மையை விரும்பும் விருப்பமே கடவுளின் அருளால் பிறக்கிறது என்றார். 418இல் கூடிய கார்த்தேசுச் சங்கம் பெலாசியுசின் கொள்கையைக் கண்டித்தது.

செருமானியத் துறவி மார்ட்டின் லூதர் (1483–1546), உரோமையர் திருமுகத்தைப் பயிலும்போது "கடவுளின் நீதி" என்னும் தொடருக்குப் புதிய பொருள் கண்டார். அது கடவுள் தண்டிக்கும் நீதி அன்று, கடவுள் கொடையாக அளிக்கும் நீதி என்பதே அப்பொருள். பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகளின் விற்பனையை எதிர்த்து 1517 அக்டோபர் 31 அன்று அவர் வெளியிட்ட 95 கருத்துரைகள் சீர்திருத்த இயக்கத்தின் தொடக்கமாகக் கருதப்படுகின்றன. 1522இல் வெளிவந்த தமது செருமானியப் புதிய ஏற்பாட்டில், உரோமையர் 3:28இல் மூலத்தில் இல்லாத "மட்டும்" என்னும் பொருளுடைய சொல்லை அவர் சேர்த்தார். நம்பிக்கையால் மட்டும் என்னும் முழக்கம் அங்கிருந்து பரவியது. எதிர்த்தரப்பார் இதனை இன்றும் சுட்டிக்காட்டுவர். பவுலின் கருத்தை செருமானிய மொழி இயல்புக்கு ஏற்பச் சொல்ல அச்சொல் தேவைப்பட்டது என்பது லூதரின் விடை.

கத்தோலிக்கத் திருச்சபை, திரெந்து பொதுச்சங்கத்தின் ஆறாம் அமர்வில் (1547) தனது நிலைப்பாட்டை வரையறுத்தது. மீட்பின் தொடக்கம் முற்றிலும் அருளே என்பதை அச்சங்கமும் உறுதிப்படுத்தியது. ஆனால் அருள் மனிதரை உள்ளிருந்து உண்மையாகவே மாற்றுகிறது, மனிதர் அருளோடு ஒத்துழைக்கின்றனர், அருளால் செய்யும் நற்செயல்களால் அவர்கள் ஏற்புடைமையில் வளர்கின்றனர் எனக் கற்பித்தது. கத்தோலிக்கர் செயலால் மீட்பு என நம்புகின்றனர் என்று தமிழ்த் துண்டறிக்கைகளில் அடிக்கடி காணப்படும் கூற்று சரியன்று.

சீர்திருத்த மரபினுள்ளும் கிளைகள் தோன்றின. கால்வினியர், யார் நம்புவர் என்பதும் கடவுளின் முன்தெரிவே என்றனர். நெதர்லாந்தின் தோர்த் மாமன்றம் (1618–1619) இதனை உறுதி செய்தது. மெதடிசத்தின் நிறுவனர் யோன் வெசுலி இதனை ஏற்காமல், நம்புவதற்கான ஆற்றலைத் தரும் முன்னேகும் அருள் எல்லா மனிதருக்கும் அளிக்கப்பட்டுள்ளது என்றார். கிழக்கு மரபுவழித் திருச்சபைகள் இத்தகைய வழக்குமன்ற உருவகங்களில் அதிக ஈடுபாடு காட்டவில்லை. மனிதர் கடவுளின் இயல்பில் பங்கு பெறுதல் என்றே அவை மீட்பை விளக்குகின்றன.

ஏறத்தாழ 450 ஆண்டுகளுக்குப் பின்னர், 1999 அக்டோபர் 31 அன்று செருமனியின் ஆக்சுபர்க் நகரில் உலக லுத்தரன் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஏற்புடைமைக் கோட்பாடு குறித்த கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. எங்கள் தகுதி எதனாலும் அன்று, அருளால் மட்டுமே, கிறித்துவின் மீட்புச் செயலில் வைக்கும் நம்பிக்கையால் ஏற்கப்படுகிறோம் என்பதில் இரு தரப்பும் ஒன்றுபட்டன. எஞ்சியுள்ள வேறுபாடுகள் முற்காலக் கண்டனங்களுக்கு உரியவை அல்ல எனவும் அறிவித்தன. உலக மெதடிசுட்டு மன்றம் 2006இலும், சீர்திருத்த சபைகளின் உலக ஒன்றியம் 2017இலும் இதில் இணைந்தன.

நம்பிக்கையும் திருமுழுக்கும்

நடைமுறையில் இக்கோட்பாட்டின் வேறுபாடுகள் மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் திருமுழுக்கு ஆகும். அருளே முந்துவது, மனிதரின் பதில் பிந்துவது எனில், ஒன்றும் அறியாத கைக்குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பது அக்கோட்பாட்டுக்கு மிகப் பொருத்தமான அடையாளம் ஆகிறது. கத்தோலிக்கர், லுத்தரன் சபையார், தென்னிந்தியத் திருச்சபையார் ஆகியோரின் நிலைப்பாடு இதுவே. நம்பிக்கையின்றி மீட்பில்லை என்பதை முன்னிறுத்தினால், தானே அறிந்து நம்பும் வயதில்தான் திருமுழுக்குப் பெற முடியும். பாப்டிசுட்டு, பெந்தெகொசுதே சபையார் இவ்வாறு கருதி, நீரில் முழுவதும் மூழ்கித் திருமுழுக்குப் பெறுகின்றனர்.

தமிழகப் பெந்தெகொசுதே வழக்கில், ஒருவர் தாம் இரட்சிக்கப்பட்ட நாளைத் தேதியிட்டுச் சொல்வது இயல்பு. லுத்தரன் குடும்பத்தில் பிறந்த ஒருவரிடம் அதே கேள்வியைக் கேட்டால், அவர் தம் திருமுழுக்கு நாளையோ, கல்வாரியில் கிறித்து இறந்த நாளையோ விடையாகச் சொல்லக்கூடும். இருவரும் நம்பிக்கையால் மீட்பு என்பதையே ஒப்புக்கொள்கின்றனர் என்பது குறிப்பிடத்தக்கது.

சைவ, வைணவ அருட்கோட்பாடுகள்

விழுப்புரம் வட்டாரத்துக்கு வந்த மிசனரிகள் அருளைப் பற்றி முன்பு கேள்வியுறாத மக்களிடம் பேசவில்லை. நாயன்மார்களுள் ஒருவரான சுந்தரரின் திருமணத்தன்று சிவபெருமான் முதியவர் வடிவில் வந்து, அவர் தமக்கு அடிமை என ஓலை காட்டி வழக்காடித் தடுத்து ஆட்கொண்ட கதை பெரியபுராணத்தில் விரிவாகக் கூறப்படுகிறது. வழக்கு தீர்ந்த ஊர் திருவெண்ணெய்நல்லூர். சுந்தரர் இறைவனைத் தேடிச் செல்லவில்லை, வந்த முதியவரைப் பித்தன் எனத் திட்டினார், ஆயினும் ஆட்கொள்ளப்பட்டார். தகுதி பாராத அருளுக்கு இதைவிடக் கூர்மையான கதை கிறித்தவ மரபிலும் அரிது. தமசுக்கு நகருக்குச் செல்லும் வழியில் பவுல் தடுக்கப்பட்ட நிகழ்ச்சியை இதனுடன் ஒப்பிடலாம்.

சைவ சித்தாந்தத்தின் முதல் நூலான சிவஞானபோதத்தை இயற்றிய மெய்கண்டார் (13ஆம் நூற்றாண்டு) வாழ்ந்ததும் அதே திருவெண்ணெய்நல்லூரே. சித்தாந்தத்தின்படி உயிரை ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்கள் பிணித்துள்ளன; உயிர் தன் முயற்சியால் மட்டும் இவற்றை அறுக்க இயலாது; இறைவன் திருவருளே அறுக்கும். இதுவரை கிறித்தவக் கோட்பாட்டுடன் நெருக்கமே. வேறுபாடு அடுத்த படியில் உள்ளது. இருவினையொப்பும் மலபரிபாகமும் நிகழ்ந்த பக்குவ நிலையில்தான் அருள் பதிகிறது. இதனைச் சத்திநிபாதம் என்பர். பவுலின் கூற்றோ, மனிதர் இன்னும் பாவிகளாக, அதாவது பக்குவமற்றவராக, இருக்கும்போதே கிறித்து அவர்களுக்காக இறந்தார் என்பது. அப்பக்குவத்தை உண்டாக்குவதும் இறைவனின் மறைப்பாற்றலாகிய திரோதான சத்தியே என்பது சித்தாந்தியின் மறுமொழியாக இருக்கும். ஆதலால் இங்குள்ள வேறுபாட்டை அருளுக்கும் முயற்சிக்கும் இடையிலான வேறுபாடாகச் சுருக்குவது தவறு. பல பிறவிகளில் விரியும் அருளுக்கும், வரலாற்றில் ஒருமுறை நிகழ்ந்த சிலுவைச் சாவில் குவியும் அருளுக்கும் இடையிலான வேறுபாடு என்பதே பொருத்தம்.

வைணவத்தில் இக்கேள்வி இரு கலைகளின் பிரிவுக்கே ஒரு காரணமானது. குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்கு வடகலையாருக்கு உவமை. தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனை தென்கலையாருக்கு உவமை. செருமானிய லுத்தரன் இறையியலாளர் உருடோல்ப் ஓட்டோ, இந்திய அருட்சமயத்தையும் கிறித்தவத்தையும் ஒப்பிட்டு 1930இல் வெளியிட்ட நூலில் இவ்விவாதத்தை ஐரோப்பிய வாசகர்களுக்கு விளக்கினார். முதலாழ்வார் மூவரும் சந்தித்ததாகக் கூறப்படும் திருக்கோவிலூர், முன்னர் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. 19ஆம் நூற்றாண்டில் டேனிசு லுத்தரன் மிசனரிகள் பணியாற்றிய ஊர்களுள் அதுவும் ஒன்று.

தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தில் இவ்வுறவு வெளிப்படையாகவே உள்ளது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் கிறித்தவரான எச். ஏ. கிருட்டிணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் (1894) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் கதைப்போக்கு யோன் பனியனுடையது. அருளைப் பாடும் குரலோ ஆழ்வார்களிடம் பயின்றது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில்

இன்றைய விழுப்புரம் மாவட்டம் 1993இல் பழைய தென்னார்க்காடு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. இப்பகுதியின் கத்தோலிக்கர், 1886இல் உயர்மறைமாவட்டமான புதுச்சேரியின் கீழ் வருகின்றனர். 1953 முதல் இது புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டம் எனப்படுகிறது. பிரெஞ்சு இயேசு சபையாரும், அவர்களுக்குப் பின்னர் பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சங்கத்தாரும் இங்கு பணியாற்றினர்.

திண்டிவனம், அமெரிக்கச் சீர்திருத்த சபையின் ஆர்க்காட்டு மிசனுக்கு உட்பட்ட பகுதியாக இருந்தது. இம்மிசனை 1853இல் இசுகடர் குடும்பத்துச் சகோதரர்கள் நிறுவினர். இம்மிசனின் சபைகள் 1908இல் அமைந்த தென்னிந்திய ஐக்கிய சபையின் வழியாக, 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. திண்டிவனத்திலுள்ள வால்டர் இசுகடர் பள்ளி இன்றும் அக்குடும்பத்தின் பெயரைத் தாங்கியுள்ளது. தென்னார்க்காட்டின் பிற பகுதிகளில் லுத்தரன் மிசன்கள் பணியாற்றின. அவற்றிலிருந்து உருவானவையே இன்றைய ஆர்க்காட்டு லுத்தரன் திருச்சபையும் தமிழ் சுவிசேட லுத்தரன் திருச்சபையும் ஆகும்.

இரு மிசன்களும் கொணர்ந்த ஞானோபதேச நூல்களின் அமைப்பே அருளைப் பற்றிய இரு பார்வைகளைக் காட்டும். லூதரின் சிறிய ஞானோபதேசம் (1529) பத்துக் கட்டளைகளில் தொடங்குகிறது. கட்டளையைக் கேட்கும் மாணவன், தன்னால் அதை நிறைவேற்ற இயலாது என உணர்ந்து அருளை நாட வேண்டும் என்பது அந்த வரிசையின் நோக்கம். ஆர்க்காட்டு மிசனின் தாய்ச் சபை ஏற்றிருந்த ஐடல்பர்க்கு ஞானோபதேசம் (1563), மனிதரின் துயரம், விடுதலை, நன்றி என மூன்று பகுதிகளாக அமைந்தது. பத்துக் கட்டளைகள் அதில் மூன்றாம் பகுதியில், நன்றி என்னும் தலைப்பின் கீழ் விளக்கப்படுகின்றன. முன்னதில் கட்டளை மனிதனை மண்டியிடச் செய்கிறது. பின்னதில் எழுந்து நடக்கச் செய்கிறது. லூதர் நற்செயலை மறுத்தவர் அல்லர். கால்வினியர் சட்டத்தின் கண்டிப்பை மறந்தவரும் அல்லர். அழுத்தம் விழும் இடமே வேறு.

திண்டிவனத்து இரவு

நற்செயல் மீட்பின் விலை அன்று, மீட்கப்பட்டவரின் நன்றி என்னும் கருத்துக்குத் திண்டிவனத்தோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்று பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா இசுகடர், அமெரிக்காவில் பள்ளிக் கல்வி முடித்தபின், 1890ஆம் ஆண்டளவில் தம் தாயின் உடல்நலக் குறைவை முன்னிட்டுத் திண்டிவனம் வந்தார். அவருடைய தந்தை யோன் இசுகடர் அங்கு மருத்துவ மிசனரியாக இருந்தார். மிசனரியாகும் எண்ணம் ஐடாவுக்கு அப்போது இல்லை. ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவரும் இந்து, ஒருவர் பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையில் இருந்த தம் மனைவியரைக் காக்குமாறு ஐடாவை அழைத்தனர். தாம் மருத்துவம் படிக்கவில்லை, தம் தந்தை வருவார் என அவர் கூறினார். ஆண் மருத்துவர் பார்ப்பதற்கு அம்மூவரும் இணங்கவில்லை. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர்.

இதன் பின்னர் ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899இல் பட்டம் பெற்றார். 1900இல் திரும்பி வந்து வேலூரில் சிறிய அளவில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1902இல் மருத்துவமனையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் உருவாயின. இதுவே இன்றைய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆகும். அந்த இரவைக் கடவுளின் அழைப்பாக ஐடா புரிந்துகொண்டார். கோட்பாட்டு நோக்கில் கவனிக்கத்தக்கது, இறந்த மூவருள் எவரும் கிறித்தவர் அல்லர் என்பதும், மருத்துவப் பணி மதமாற்றத்தின் விளைவால் அளக்கப்படாமல் தன்னளவில் நன்றிச் செயலாக மதிக்கப்படலாயிற்று என்பதும் ஆகும். மிசன் பணத்தை மருத்துவத்துக்குச் செலவிடுவதா, நற்செய்தி அறிவிப்புக்குச் செலவிடுவதா என்னும் வாதம் மிசன் அமைப்புகளில் நெடுநாள் நீடித்தது.

பஞ்சமும் நம்பிக்கையும்

1876–1878 பெரும் பஞ்சத்தின்போதும் அதன் பின்னரும் தமிழ், தெலுங்குப் பகுதிகளில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் ஊர் ஊராகக் கிறித்தவத்தில் சேர முன்வந்தனர். இவர்களை அரிசிக் கிறித்தவர் எனப் பழிக்கும் வழக்கம் எழுந்தது. மிசனரிகள் பலர் பஞ்ச உதவி பெறுவோருக்குத் திருமுழுக்கு அளிப்பதைத் தள்ளிவைத்து, நோக்கத்தைச் சோதித்தனர். இங்கு கோட்பாடு தன்னையே சந்திக்கிறது. தகுதி பாராமல் அளிக்கப்படுவது அருள் எனில், பசியால் வந்தவனின் தகுதியைச் சோதிப்பது எவ்வாறு பொருந்தும்? மேலும் ஐரோப்பிய மிசனரிகள் நம்பிக்கையைத் தனி ஆளின் முடிவாகக் கண்டனர். சேரி மக்களோ குடும்பமாகவும் உறவுமுறையாகவும் கூடிப் பேசி முடிவெடுத்தனர். விடுதலை வேண்டும் என்னும் ஆசை, சோற்றுக்கான ஆசையையும் உள்ளடக்கியிருந்தது என்பதைப் பின்னாளில் தலித் இறையியல் குறையாகக் கருதாமல் விவிலியப் பண்பாகவே எடுத்துரைத்தது.

சாதிக் கேள்வி

ஆங்கிலிக்கப் பேராயர் தானியேல் வில்சன் 1833இல், சபைகளில் சாதி வேறுபாடு முற்றிலும் கைவிடப்பட வேண்டும் என ஆணையிட்டார். தஞ்சாவூர் முதலிய இடங்களில் வேளாளக் கிறித்தவர் பலர் இதனை ஏற்காமல் பிரிந்து, பின்னர் இலைப்சிக்கு லுத்தரன் மிசனில் சேர்ந்தனர். 1849 முதல் 1853 வரை பயணம் செய்து நிலைமையை ஆராய்ந்த அம்மிசனின் இயக்குநர் கார்ல் கிராவுல், திருக்குறளைச் செருமானிய மொழியில் பெயர்த்தவர் என்ற வகையில் தமிழருக்கு அறிமுகமானவர். சாதியைப் பெரிதும் சமூக அமைப்பாகக் கண்ட அவர், நற்செய்தியின் தாக்கத்தால் அது படிப்படியாகக் கரைய வேண்டும், கட்டாயத்தால் அன்று எனக் கருதினார்.

அதே மிசனைச் சேர்ந்த கார்ல் ஓக்சு இதனை ஏற்கவில்லை. கடவுளின் பந்தியில் அனைவரும் விலையின்றி ஏற்கப்படும்போது, ஒரே கிண்ணத்தில் பருக மறுப்பவர் அந்த அருளையே மறுக்கிறார் என்பது அவர் தரப்பின் சாரம். அவர் மிசனை விட்டு விலகி, 1860களின் தொடக்கத்தில் தென்னார்க்காட்டின் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்னும் பெயரில் ஒரு பணித்தளத்தை உருவாக்கினார். அப்பத்தாண்டிலேயே டேனிசு மிசன் சங்கம் அவருடன் இணைந்தது. ஆர்க்காட்டு லுத்தரன் திருச்சபையின் வேர் இதுவே. ஆக, இவ்வட்டாரத்தின் ஒரு முழுத் திருச்சபை சாதிக் கேள்வியிலிருந்து பிறந்தது எனலாம். திண்டிவனத்தின் ஆர்க்காட்டு மிசனும் சாதியைக் கைவிடுதலை உறுப்பினராவதற்கு நிபந்தனையாக்கியது.

கிராவுலின் தரப்பை வெறும் சமரசம் என ஒதுக்குவது எளிது. ஆனால் அதற்குள் உண்மையான ஓர் இறையியல் சிக்கல் உள்ளது. சாதியை விட்டால்தான் திருமுழுக்கு எனில், அருளுக்கு முன்நிபந்தனையாக ஒரு செயல் வைக்கப்படுகிறது. விருத்தசேதனம் இருந்த இடத்தில் சாதி துறத்தல் வந்து அமர்கிறது. ஓக்சின் பக்கம் நின்று இதற்குச் சொல்லத்தக்க விடை, அந்தியோக்கியா நிகழ்ச்சியில் உள்ளது. பவுல் பேதுருவைக் கண்டித்தது புதியதொரு சட்டத்தை விதிப்பதற்கு அன்று. பிரிந்து உண்பது நற்செய்தியின் உண்மைக்கே முரண் என்பதால்தான். இக்கட்டுரையாளருக்கு இரண்டாவது விடையே பவுலின் எழுத்துக்கு நெருக்கமாகத் தோன்றுகிறது. எனினும், கட்டளையிட்ட மிசன்களிலும் சாதி மறையவில்லை என்பது வரலாறு.

சட்ட நிலை இச்சிக்கலை மேலும் இறுக்கியது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதோரைப் பட்டியல் சாதியினராகக் கொள்ளவில்லை. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறித்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் கிறித்தவரான பட்டியல் சாதியினர் பிற்படுத்தப்பட்டோராகக் கருதப்படுகின்றனர். 2007இல் அரங்கநாத் மிசுரா ஆணையம் இம்மத வரம்பை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் நடுவண் அரசு, கே. ஜி. பாலகிருட்டிணன் தலைமையில் மற்றோர் ஆணையத்தை அமைத்தது.

கத்தோலிக்கப் பகுதிகளில் இதன் கடுமையான வெளிப்பாடு உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள எறையூரில் நிகழ்ந்தது. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. வன்னியக் கிறித்தவர் பெரும்பான்மையாக உள்ள செபமாலை மாதா பங்கில் தங்களுக்குச் சம உரிமை இல்லை எனத் தலித் கிறித்தவர் நீண்ட காலமாக முறையிட்டு, தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் எனக் கோரினர். 2008 மார்ச் 9 அன்று தலித் குடியிருப்பின் மீது தாக்குதல் நடந்தது. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் இறந்தனர். ஓக்சின் காலத்தில் சாதியை எதிர்த்தவர்கள் கேட்டது ஒரே பந்தி. எறையூரில், அந்த ஒரே பந்தியில் இடம் கிடைக்காதவர்கள் தனிக் கோவில் கேட்டனர்.